ஒரே விலைப்பட்டியல், ஆறு விடைகள்: விலைக் குறியீட்டெண் கட்டுவது எப்படி

விலைக் குறியீட்டெண் (பல பொருள்களின் விலை மொத்தத்தில் எவ்வளவு மாறியது என்பதை ஒரே எண்ணில் சொல்வது) போடக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் செய்வது சூத்திரங்களை மனப்பாடம் செய்வதுதான். உண்மையில் சூத்திரம் சின்ன விஷயம், பெருக்கி, கூட்டி, வகுக்கத் தெரிந்தால் போதும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு நிறை (முக்கியத்துவம்) கொடுப்பது, எந்த ஆண்டின் வாங்கிய அளவை எடுத்துக்கொள்வது, பாதியில் சந்தையிலிருந்து காணாமல் போன பொருளை என்ன செய்வது என்ற முடிவுகள்தான் கடைசியில் வரும் எண்ணைத் தீர்மானிக்கின்றன. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு சின்னப் பட்டியலில் போட்டே காட்டிவிடலாம். எக்செல்லில் ஒரு தாளைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

மூன்றே பொருள்கள். அடிப்படை ஆண்டு (ஒப்பிடுவதற்காக 100 என்று வைக்கும் ஆண்டு), நடப்பு ஆண்டு என இரண்டு ஆண்டுகள். நாணயம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது விகிதம்தான்.

தானியம் (கிலோ): அடிப்படை ஆண்டில் விலை 40, வாங்கியது 30. நடப்பு ஆண்டில் விலை 50, வாங்கியது 26.
எரிபொருள் (லிட்டர்): அடிப்படை ஆண்டில் விலை 100, வாங்கியது 8. நடப்பு ஆண்டில் விலை 120, வாங்கியது 7.
மொபைல் டேட்டா (ஜிபி): அடிப்படை ஆண்டில் விலை 20, வாங்கியது 10. நடப்பு ஆண்டில் விலை 10, வாங்கியது 25.

இரண்டு பொருள் விலை ஏறியிருக்கிறது, ஒன்று பாதியாகக் குறைந்திருக்கிறது. விலை ஏறியதைக் கொஞ்சம் குறைத்து வாங்கியிருக்கிறார்கள், மலிவானதை நிறைய வாங்கியிருக்கிறார்கள். எங்கேயும் நடப்பதுதான். சரி, மொத்தத்தில் விலைவாசி ஏறியதா, இறங்கியதா? எவ்வளவு?

நிறை இல்லாத மூன்று முறைகள்

முதலில் தோன்றுவது, இந்த ஆண்டு விலைகளையெல்லாம் கூட்டி, அடிப்படை ஆண்டு விலைகளின் கூட்டுத்தொகையால் வகுப்பது. 50 + 120 + 10 = 180. 40 + 100 + 20 = 160. 180-ஐ 160-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 112.5. விலைவாசி 12.5 சதவீதம் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் போலத் தோன்றும். 1738-ல் துத்தோ என்ற பிரெஞ்சுக்காரர் பயன்படுத்திய வழி இது, அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது.

இப்போது ஒரு சின்ன விஷமம் செய்து பாருங்கள். தானியத்தின் விலையைக் கிலோவுக்குப் பதிலாகக் குவிண்டாலுக்கு எழுதுங்கள்: 4000, 5000. விலை எதுவும் மாறவில்லை, எழுதும் அலகு மட்டும்தான் மாறியது. ஆனால் விடை 5130-ஐ 4120-ஆல் வகுத்து 124.5 என்று வருகிறது. கிலோவா குவிண்டாலா என்பதைப் பொறுத்துப் பணவீக்கம் இரட்டிப்பாகிறது என்றால் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஒரே வகைப் பொருள், ஒரே அலகு என்ற இடத்தில் (பத்துக் கடைகளில் அதே பொருளின் விலை என்பது போல) இந்த முறையில் தவறில்லை. வெவ்வேறு பொருள்களைக் கலக்கும்போது மட்டும் தொடாதீர்கள்.

அலகுப் பிரச்சினையிலிருந்து தப்பிக்க, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விலை விகிதம் எடுக்கலாம், அதாவது நடப்பு விலையை அடிப்படை விலையால் வகுத்து 100-ஆல் பெருக்குவது. தானியம் 125, எரிபொருள் 120, டேட்டா 50. இவற்றின் கூட்டுச் சராசரி 98.3. இது 1764-ல் கார்லி என்ற இத்தாலியர் காட்டிய வழி. இந்தக் கணக்குப்படி விலைவாசி இறங்கிவிட்டது!

கார்லியிடம் இன்னொரு கோளாறும் உண்டு, இதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு பொருள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் விலை இரட்டிப்பாகிறது, இன்னொன்று பாதியாகிறது. விகிதங்கள் 200, 50, சராசரி 125. அடுத்த ஆண்டு இரண்டும் பழைய விலைக்கே திரும்பிவிடுகின்றன. இப்போது விகிதங்கள் 50, 200, மறுபடியும் சராசரி 125. இரண்டையும் தொடர்ந்து பெருக்கினால் 156.25. எல்லா விலையும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது, குறியீட்டெண்ணோ 56 சதவீத விலையேற்றம் என்கிறது. இது கணக்குத் தவறல்ல, விகிதங்களின் கூட்டுச் சராசரிக்கே உள்ள மேல்நோக்கிய சாய்வு. பிரிட்டனின் பழைய சில்லறை விலைக் குறியீட்டெண் 2013-ல் தேசியப் புள்ளிவிவரம் என்ற அங்கீகாரத்தை இழந்ததற்கு, அதற்குள் இந்தக் கார்லி முறை இருந்தது ஒரு முக்கியக் காரணம்.

கூட்டுச் சராசரிக்குப் பதில் பெருக்கல் சராசரி (எண்களைப் பெருக்கி, இரண்டு எண் என்றால் வர்க்கமூலம், மூன்று என்றால் கனமூலம் எடுப்பது) எடுத்தால் இந்தச் சாய்வு போய்விடும். மேலே சொன்ன உதாரணத்தில் 200-க்கும் 50-க்கும் பெருக்கல் சராசரி 100, திரும்பும்போதும் 100. இது ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1863-ல் கையாண்ட முறை. நம் பட்டியலில் 1.25, 1.2, 0.5 மூன்றையும் பெருக்கினால் 0.75, அதன் கனமூலம் 0.909. ஆக விடை 90.9. எக்செல்லில் ஜியோமீன் என்று ஒரு சார்பு இருக்கிறது, அதுவே போட்டுத் தந்துவிடும்.

112.5, 98.3, 90.9. மூன்று முறை, மூன்று விடை, அதிலும் இரண்டு இறக்கம் என்கின்றன. மூன்றிலுமே அடிப்படைக் குறை ஒன்றுதான்: குடும்பம் 1200 செலவழிக்கும் தானியத்தையும் 200 செலவழிக்கும் டேட்டாவையும் எந்தப் பொருளுக்கு எவ்வளவு செலவு என்றே பார்க்காமல் கலந்துவிடுகின்றன. அதற்காக ஜெவன்ஸ் முறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதற்கு வேறொரு இடத்தில் வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நிறை வந்ததும் என்ன ஆகிறது

நிறை என்பது செலவில் அந்தப் பொருளுக்கு உள்ள பங்கு. இதைக் கணக்கில் கொண்டுவர எளிய வழி, ஒரு கூடையை (வாங்கும் பொருள்களும் அவற்றின் அளவுகளும் சேர்ந்த பட்டியலை) நிலையாக வைத்துக்கொண்டு, அதே கூடைக்கு இரண்டு ஆண்டுகளிலும் என்ன செலவாகும் என்று பார்ப்பது. எந்த ஆண்டின் கூடை என்பதுதான் கேள்வி.

ஜெர்மன் பொருளியலாளர் லாஸ்பியர் (1871) அடிப்படை ஆண்டின் கூடையை எடுத்தார். அன்றைய கூடைக்கு அன்றைய விலையில் செலவு: 1200 + 800 + 200 = 2200. அதே கூடைக்கு இன்றைய விலையில்: 1500 + 960 + 100 = 2560. விடை 116.4.

இன்னொரு ஜெர்மானியரான பாசே (1874) நடப்பு ஆண்டின் கூடையை எடுத்தார். இன்றைய கூடைக்கு அன்றைய விலையில்: 1040 + 700 + 500 = 2240. இன்றைய விலையில்: 1300 + 840 + 250 = 2390. விடை 106.7.

எக்செல்லில் இதற்கு சம்ப்ராடக்ட் சார்பு போதும், விலைப் பத்தியையும் அளவுப் பத்தியையும் கொடுத்தால் பெருக்கிக் கூட்டித் தந்துவிடும், நான்கு தடவை போட்டால் நான்கு கூட்டுத்தொகையும் கையில்.

ஏறக்குறைய 10 புள்ளி வித்தியாசம் எங்கிருந்து வந்தது? டேட்டாவிலிருந்து. பழைய கூடையில் டேட்டா 10 ஜிபிதான், அதனால் அதன் விலை பாதியானதை லாஸ்பியர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிய கூடையில் 25 ஜிபி இருக்கிறது, பாசே அந்த இறக்கத்துக்கு நிறைய இடம் கொடுத்துவிட்டது. விலை ஏறினால் குறைத்தும் இறங்கினால் கூட்டியும் மக்கள் வாங்கும்வரை பொதுவாக லாஸ்பியர் மேலேயும் பாசே கீழேயும்தான் இருக்கும். 1996-ல் அமெரிக்காவில் போஸ்கின் தலைமையிலான பொருளியலாளர் குழு அந்நாட்டு நுகர்வோர் விலைக் குறியீட்டெண் வாழ்க்கைச் செலவின் உயர்வை ஆண்டுக்குச் சுமார் 1.1 சதவீதப் புள்ளி கூட்டிக் காட்டுகிறது என்று மதிப்பிட்டபோது, அதில் ஒரு பகுதி இந்த மாற்றி வாங்கும் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காததால் வந்ததுதான்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிஷர் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தார். 116.36-ஐயும் 106.70-ஐயும் பெருக்கி மூலம் எடுத்தால் 111.4. வெறும் சமரசம் மாதிரித் தெரியும், ஆனால் இதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது. காலமாற்றுச் சோதனை என்று ஒன்று உண்டு: ஆண்டுகளைத் தலைகீழாக்கிப் போட்டால் வரும் விடை, முதல் விடையின் தலைகீழாக இருக்க வேண்டும், இரண்டையும் பெருக்கினால் 1 வர வேண்டும். லாஸ்பியரில் 1.1636-ஐயும் திருப்பிப் போட்டு வரும் 0.9372-ஐயும் பெருக்கினால் 1.09 வருகிறது, தேறவில்லை. ஃபிஷர் தேறிவிடும். அடுத்தது காரணி மாற்றுச் சோதனை: விலைக் குறியீட்டெண்ணையும் அளவுக் குறியீட்டெண்ணையும் (அதே சூத்திரத்தில் விலைக்குப் பதில் வாங்கிய அளவின் மாற்றத்தை அளப்பது) பெருக்கினால் மொத்தச் செலவின் மாற்றம் கிடைக்க வேண்டும். நம் பட்டியலில் செலவு 2200-லிருந்து 2390, அதாவது 1.086 மடங்கு. ஃபிஷரின் விலை 1.1143, அளவு 0.975, பெருக்கினால் அதே 1.086. லாஸ்பியரில் இரண்டையும் பெருக்கினால் 1.185 வரும். ஃபிஷர் 1922-ல் நூற்றுக்கும் மேற்பட்ட சூத்திரங்களை இப்படிச் சோதனை மேல் சோதனையாகப் போட்டுப் பார்த்துத்தான் இதை 'இலட்சியக் குறியீட்டெண்' என்றார்.

அப்படியானால் எல்லாரும் ஃபிஷரையே போடலாமே? போட முடியாது, நடப்பு ஆண்டின் அளவு தெரிய வேண்டும். விலையை மாதாமாதம் சேகரித்துவிடலாம், மக்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு நடத்தித்தான் கண்டுபிடிக்க முடியும், அது முடிந்து தொகுத்து வருவதற்குள் காலம் ஓடிவிடும். அதனால் நடைமுறையில் வெளியாகும் பெரும்பாலான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்கள் லாஸ்பியர் குடும்பத்தைச் சேர்ந்தவை. கறாராகச் சொன்னால் அதுகூட இல்லை. நிறை ஓர் ஆண்டின் கணக்கெடுப்பிலிருந்தும், 100 என்று வைக்கும் விலை அதற்குப் பிந்தைய இன்னோர் ஆண்டிலிருந்தும் வரும், அதற்கு லோ குறியீட்டெண் என்று பெயர். ஆகவே நீங்களே ஒன்று கட்டுகிறீர்கள் என்றால், அளவு விவரம் இரண்டு ஆண்டுக்கும் இருந்தால் ஃபிஷர், பழைய அளவு மட்டும் இருந்தால் லாஸ்பியர். என் கருத்தில் ஃபிஷர் போட முடிந்த இடத்திலும் லாஸ்பியரையும் பாசேயையும் கூடவே வெளியிடுவது நல்லது, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியே படிப்பவருக்கு ஒரு தகவல்.

அளவு தெரியாது, செலவுப் பங்கு மட்டும்தான் தெரியும் என்றாலும் கவலை இல்லை. அடிப்படை ஆண்டில் தானியத்தின் பங்கு 54.5 சதவீதம், எரிபொருள் 36.4, டேட்டா 9.1. இவற்றை விலை விகிதங்களோடு பெருக்கிக் கூட்டினால் அதே 116.4 வந்துவிடும். செலவுப் பங்கைக் கேட்டு வாங்குவது அளவைக் கேட்பதைவிட எளிது, அதனால் புள்ளிவிவர அலுவலகங்களும் இந்த வழியில்தான் போகின்றன.

யாருடைய கூடை?

உண்மையில் இதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் விலை சேகரிக்கவே போக வேண்டும். 1707-ல் வில்லியம் ஃப்ளீட்வுட் என்ற ஆங்கிலேய மதகுரு எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஆண்டுக்கு 5 பவுண்டுக்கு மேல் வருமானம் உள்ளவருக்குக் கல்லூரி உதவித்தொகை கிடையாது என்று 15-ஆம் நூற்றாண்டில் எழுதிய விதியைத் தன் காலத்து மாணவருக்கு அப்படியே பொருத்தலாமா? தானியம், இறைச்சி, பானம், துணி என்று ஒரு மாணவர் வாங்கக்கூடியவற்றைத்தான் அவர் ஒப்பிட்டார், ஒரு பிரபுவின் செலவை அல்ல. கேள்வி யாரைப் பற்றியதோ அவருடைய கூடை.

நம் பட்டியலில் டேட்டாவே வாங்காத ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் செலவு 2000-லிருந்து 2460, குறியீட்டெண் 123. அதே ஊர், அதே விலைகள், ஆனால் அவர்களுக்கு விலைவாசி 23 சதவீதம் ஏறியிருக்கிறது. எல்லாக் குடும்பங்களின் செலவையும் ஒன்றாகக் கூட்டி நிறை எடுக்கும்போது, நிறையச் செலவழிக்கிறவர்களின் கூடைதான் மொத்தக் கூடையின் வடிவத்தைத் தீர்மானிக்கும். வெளியாகும் பணவீக்க விகிதத்தைப் பார்த்து "என் வீட்டில் இப்படி இல்லையே" என்று பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

விலை சேகரிப்பது

இங்கேதான் பாதி வேலை. "சட்டை" என்று எழுதி வைத்தால் அடுத்த மாதம் எந்தச் சட்டையின் விலையை எழுதுவது? துணி வகை, அளவு, பிராண்ட், எங்கே விற்கிறது என்பது வரை குறித்து வைக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு மாதமும் அதே பொருளின் விலை கிடைக்கும். ஒரு பொருளுக்குப் பல இடங்களில் விலை எடுத்தால் அவற்றைச் சேர்க்க ஜெவன்ஸ் முறையைப் பயன்படுத்துங்கள். முன்னால் சொன்ன வேலை இதுதான்: கீழ்மட்டத்தில், தனித்தனிக் கடைகளின் செலவுப் பங்கு தெரியாத இடத்தில், பெருக்கல் சராசரி நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவில் 1999 முதல் பெரும்பாலான பொருள்களுக்குக் கீழ்மட்டத்தில் பெருக்கல் சராசரிதான். மேல்மட்டத்தில் லாஸ்பியர் மாதிரி நிறையிட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

500 கிராம் பாக்கெட் 450 கிராம் ஆகி, விலை அதேதான் என்றால் விலை மாறவில்லை என்று எழுதிவிடாதீர்கள். கிராம் விலை 11.1 சதவீதம் ஏறியிருக்கிறது, அதைத்தான் எழுத வேண்டும்.

பொருளே நின்றுபோனால்? போன மாத விலையை அப்படியே இழுத்துக்கொண்டு போவது எல்லாரும் செய்யும் சுலப வழி, மோசமான வழியும் அதுதான், ஏனென்றால் விலை மாறவில்லை என்று நீங்களாகவே சொல்லிவிடுகிறீர்கள். அந்தப் பிரிவில் மற்றப் பொருள்கள் சராசரியாக எவ்வளவு ஏறினவோ அவ்வளவு ஏற்றிப் போடுங்கள், மாற்றுப் பொருள் கிடைத்ததும் அதற்கு மாறுங்கள். பழையதும் புதியதும் ஒரே மாதத்தில் சேர்ந்து விற்றிருந்தால் அதிர்ஷ்டம்: அந்த மாதத்தில் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைத் தர வித்தியாசமாக எடுத்துக்கொண்டு, அதுவரை பழையதன் மாற்றத்தையும் அதற்குப் பிறகு புதியதன் மாற்றத்தையும் மட்டும் சேர்த்தால் போதும். கணினி, போன் போன்றவற்றில் இதுவும் போதாது, மாடல் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே நினைவகம், திரை என்று ஒவ்வோர் அம்சத்துக்கும் என்ன விலை என்று, பல மாடல்களின் விலையையும் அம்சங்களையும் ஒப்பிடும் தொடர்புப் போக்குக் கணக்கு (ரிக்ரஷன்) போட்டு எடுக்கிறார்கள்.

அடிப்படை ஆண்டும் இணைப்பும்

போர், பஞ்சம், திடீர் விலைச்சரிவு இல்லாத, ஓரளவு இயல்பான ஆண்டை அடிப்படையாக எடுங்கள். வெறுமனே 100 என்ற இடத்தை வேறு ஆண்டுக்கு மாற்ற வேண்டுமென்றால், தொடர் முழுவதையும் அந்த ஆண்டின் எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் போதும், சதவீத மாற்றங்கள் எதுவும் மாறாது. கூடையையே மாற்றுவது வேறு கதை. பழைய தொடர் ஓர் ஆண்டில் 180-ல் நிற்கிறது, அதே ஆண்டில் புதிய கூடைத் தொடர் 100-ல் தொடங்குகிறது என்றால் இணைப்புக் காரணி 1.8. அடுத்த ஆண்டு புதிய தொடர் 106 ஆனால் பழைய அளவுகோலில் 190.8. இரண்டு தொடரும் கட்டாயம் ஓர் ஆண்டிலாவது ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும், இல்லாவிட்டால் இணைக்கவே முடியாது.

கூடையை ஆண்டுதோறும் மாற்றி, ஒவ்வோர் ஆண்டின் மாற்றத்தையும் முந்தையதோடு பெருக்கிச் சங்கிலியாகக் கோப்பதும் உண்டு, புதுப் பொருள்கள் சீக்கிரம் உள்ளே வரும். மாதாமாதம் கோக்கப் போனால்தான் வம்பு. தள்ளுபடி மாதத்தில் அள்ளிக் குவிக்கிறார்கள், அடுத்த மாதம் விலை பழையபடி ஆனதும் வாங்குவதே இல்லை. இப்படி அளவு துள்ளும்போது சங்கிலி, விலை பழைய இடத்துக்கு வந்த பிறகும், 100-க்குத் திரும்பாமல் எங்கேயோ நகர்ந்துவிடும்.

எண்ணை வைத்து என்ன செய்வது

பெரும்பாலும் கூலி, சம்பளம், வருமானம் போன்றவற்றை விலைவாசி நீக்கிப் பார்க்கத்தான் இது தேவைப்படும். கூலி 500-லிருந்து 550 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாஸ்பியரால் வகுத்தால் (550-ஐ 1.1636-ஆல்) உண்மைக் கூலி 473, தொழிலாளிக்கு நஷ்டம். பாசேயால் வகுத்தால் 515, அவருக்கு லாபம். ஃபிஷரில் 494, கொஞ்சம் நஷ்டம். ஒரே பட்டியல், ஒரே கூலி. பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு எண்ணோடு உட்கார்ந்து, இரண்டு பேருமே கணக்கில் பிழையில்லாமல் பேச முடியும். ஆகவே சூத்திரத்தையும் நிறையின் ஆண்டையும் விடை பார்ப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், ஒப்பந்தத்தில் அகவிலைப்படி விதி எழுதுகிறவர்கள் குறிப்பாக.

கடைசியாக, அடிக்கடி கண்ணில் படும் ஒரு தவறு. குறியீட்டெண் 150-லிருந்து 153 ஆனால் ஏற்றம் 3 சதவீதம் அல்ல, 3 புள்ளி. சதவீதத்தில் அது 2. அடிப்படை ஆண்டோடு ஒப்பிடும்போது மட்டும்தான் புள்ளியும் சதவீதமும் ஒன்று. முழு எண்ணாக்குவதையும் கடைசியில், வெளியிடும்போது மட்டும் செய்யுங்கள். நடுவிலேயே 116.36-ஐ 116 ஆக்கி அடுத்த கணக்குக்கு எடுத்துப் போனால், சங்கிலி நீள நீள அந்தச் சில்லறை வித்தியாசங்கள் எல்லாம் சேர்ந்து, மாத மாற்றம் அரை சதவீதம்கூட இல்லாத காலத்தில் மாற்றத்தின் திசையையே மாற்றிக் காட்டிவிடும்.